குதிரை
2024 ஜூலையில், அரசியல் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் கைதான ஒருவர் சென்னை மாதவரம் அருகே போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய குற்றச் செய்திகளில் பிஸ்டலைத் ‘தானியங்கி’ என்று எழுதுவது என்னை உறுத்துகிறது. விரலை எடுக்கும்வரை சரமாரியாகச் சுடும் ஆயுதம் என்றல்லவா வாசகருக்குத் தோன்றும்? வழக்கமான பிஸ்டலில் ஓர் இழுப்புக்கு ஒரு குண்டுதான். காலித் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும், அவ்வளவே. ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டலின் பெயரிலேயே ‘ஆட்டோ’ இருப்பதால் குழப்பம் இயல்புதான். ஆனாலும் ‘அரைத் தானியங்கி’ என்று எழுத ஒரு சொல்தானே கூடும்! துப்பாக்கி தொடர்பான சொற்களில் எனக்குப் பிடித்தது ‘குதிரை’. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்தது. அதன் உறுப்புக்கோ நம்மவர்கள் சொந்தப் பெயர் வைத்தார்கள். பழைய துப்பாக்கியில், பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விட்டதும் பாய்ந்து அடிக்கும் சுத்தியல் குதிரையானது. இந்தியிலும் அது ‘கோடா’, அதாவது குதிரையே. மும்பை நிழலுலகில் முழுத் துப்பாக்கிக்கும் அதே பெயர். தமிழில் பொருள் நகர்ந்து, விரல் இழுக்கும் உறுப்பையும் குதிரை என்கிறோம். க்ளாக் பிஸ்டலில் சுத்தியலே கிடையாது. உள்ளே ஓர் ஊசிதான் பாய்கிறது. ஆகவே விரல் இழுக்கும் உறுப்புக்கு ‘விசை’, சுத்தியலுக்குக் ‘குதிரை’ என்று பிரித்து எழுதுவதே சரி என்பேன்.