கல்லும் அதன் ஊரும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ராசிங்காபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் ஏலமலைச் சரிவுகள் தெரியும். அந்த மலைகளில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் ஓர் அம்மோனைட் கிடைக்காது. அங்குள்ள சார்னோகைட்டும் நைஸ் பாறையும் பூமியின் ஆழத்தில் 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இறுகியவை. ஓடும் எலும்பும் தம் உருவம் அழியாமல் தங்குவதற்கு அங்கே இடமில்லை. நம்மில் பலருக்குக் 'கல்' என்றால் நினைவுக்கு வருவது இந்த வகைக் கல்தான். ஆகவே, இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், வடகிழக்கே அரியலூரிலும் பெரம்பலூரிலும் நிலம் முற்றிலும் வேறு ஒரு கதையைச் சொல்கிறது என்பது நமக்கு எளிதில் மனத்தில் பதிவதில்லை.

அங்கே கடல் இருந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே புகுந்த அந்தக் கடல், இடையிடையே பின்வாங்கியும் மீண்டும் ஏறியும், களிமண்ணாகவும் மணற்கல்லாகவும் சுண்ணாம்புக் கல்லாகவும் அடுக்கடுக்காகப் படிந்தது. அவ்வடுக்குகளில் கிடைக்கும் சுருள் ஓடுகளே அம்மோனைட்டுகள். பார்வைக்கு நத்தையைப் போலிருந்தாலும் இவை கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் உறவான உயிர்கள். நத்தையின் ஓட்டுக்குள் தடுப்புகள் இல்லை. அம்மோனைட்டின் ஓடு உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டது. அத்தடுப்புச் சுவர்கள் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் இலை விளிம்பு போல நெளிந்த கோடு ஒன்று உருவாகிறது. தையல் போட்டாற்போன்ற அந்தக் கோட்டின் நெளிவும், ஓட்டின் விலா வரிகளும், சுருளின் அகலமும் இனத்துக்கு இனம் மாறுபடும். ஒவ்வோர் இனமும் தோன்றிச் சில லட்சம் ஆண்டுகளிலிருந்து சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டதால், எந்த இனம் கிடைக்கிறது என்பதைக் கொண்டு பாறையின் காலத்தைச் சொல்ல முடிகிறது.

தமிழர்களுக்கு அம்மோனைட் அந்நியமான பொருளும் அல்ல. கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமங்களில் பல, இமயத்தின் ஜுராசிக் காலக் கரும்பாறையில் உறைந்த அம்மோனைட்டுகளே. அவை தலைமுறை தலைமுறையாகப் பூஜையறைகளில் இருந்து வருகின்றன. அங்கே சக்கரத்தின் அமைப்பும் துவாரமும் முக்கியம். நதி எந்த அடுக்கிலிருந்து அதை உருட்டி வந்தது என்ற கேள்வி எழுவதில்லை, எழ வேண்டியதும் இல்லை. அறிவியலுக்கோ அந்த ஒரு கேள்விதான் எல்லாமும். இதைத் தென்னிந்திய அம்மோனைட்டுகளின் வரலாறே தெளிவாகக் காட்டுகிறது.

1840களின் தொடக்கத்தில், மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று பகுதிகளிலிருந்து புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் ஜியலாஜிக்கல் சொசைட்டியின் வெளியீட்டில் விவரித்தார். புது இனங்களுக்குப் பெயர் வைக்கும்போது அவர் நம் புராணங்களின் பக்கம் திரும்பினார். இந்திரா, வருணா, சூர்யா, பிரம்மா, விஷ்ணு, கணேசா எல்லாம் அம்மோனைட்டுகளின் பெயர்களாயின. அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. கண்டகிக் கல் விஷ்ணுவாக வணங்கப்படும் நாட்டில், புதுச்சேரிக் கல் ஒன்று லண்டனில் 'விஷ்ணு' என்று எழுதப்பட்டது.

பெயர்கள் நிலைத்தன, ஆனால் காலக்கணிப்பு நிலைக்கவில்லை. ஐரோப்பிய இனங்களோடு உள்ள ஒற்றுமையைக் கொண்டு, மூன்று பகுதிகளில் புதுச்சேரிப் படிவுகளே மிகப் பழையவை, கிரிட்டேஷியஸ் யுகத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று ஃபோர்ப்ஸ் முடிவு செய்தார். பிரான்சில் டோர்பிஞ்ஞி அதே படிவுகளை யுகத்தின் பிற்பகுதியில் வைத்தார். இரண்டு கருத்துக்கும் நடுவே பல கோடி ஆண்டுகள் இடைவெளி. இருவரும் தேர்ந்த அறிஞர்கள். ஓடுகளும் நல்ல நிலையில் பாதுகாக்கப்பட்டவை. இருந்தும், பெட்டியில் வந்த ஓடு எந்த ஊர்ப் பகுதியிலிருந்து வந்தது என்று தெரிந்ததே தவிர, எந்த அடுக்கிலிருந்து, எதற்கு மேலே, எதற்குக் கீழே என்பது தெரியவில்லை.

அந்த 'மேலே கீழே'யைத் தேடி நிலத்தை நடந்து பார்த்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1855இல் சேர்ந்த அவர், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களை அளந்து, 1862இல் தம் அறிக்கையை வெளியிட்டார். திருச்சிப் பகுதியின் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அவர் பகுத்தது இன்றைக்கும் அடிப்படையாக இருக்கிறது. ஊட்டத்தூர் என்ற சிறிய ஊரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறுதான். (இதே பிளான்ஃபோர்ட் பின்னர் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முதல் தலைவரானார்.)

பிளான்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் சேர்த்த கற்கள் கல்கத்தாவில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவின் மேஜைக்கு வந்தன. மொராவியாவில் 1838இல் பிறந்து, வியன்னாவில் பயின்று, 1862இல் இந்தியா வந்தவர் அவர். 1863 முதல் 1873 வரை, முதலில் அம்மோனைட்டுகள், பிறகு நத்தைகள், சிப்பிகள், பவளங்கள் என்று தென்னிந்திய கிரிட்டேஷியஸ் உயிர்கள் அனைத்தையும் படங்களுடன் விவரித்து முடித்தார். மறு ஆண்டு யார்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார், வயது 36. அவர் பெயரால் ஸ்டோலிச்கையா என்னும் அம்மோனைட் பேரினம் இருக்கிறது. ஒரு தொகுதியிலிருந்து மற்றொரு தொகுதிக்கு உயிர்கள் எப்படி மாறுகின்றன என்பதை அவரால் காட்ட முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கல்லோடும் அது எடுக்கப்பட்ட இடமும் சேர்ந்து வந்ததுதான்.

புதுச்சேரிப் புதிரும் இதே வழியில்தான் தீர்ந்தது. 1890களில் வார்த் என்பவர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள படிவுகளை அடுக்கு வாரியாகப் பிரித்துச் சேகரித்தார். வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் அவற்றைப் பரிசோதித்து, வழுதாவூர்ப் படிவுகள் அரியலூர்த் தொகுதியோடு சேர வேண்டியவை என்று நிறுவினார். இன்று அவை கிரிட்டேஷியஸின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை, அதாவது 7.2 கோடிக்கும் 6.6 கோடிக்கும் இடைப்பட்டவை என்று கொள்ளப்படுகின்றன. ஃபோர்ப்ஸ் மிகப் பழையது என்றது, உண்மையில் மிகப் பிந்தியது. கோஸ்மாட் இன்னொன்றையும் கண்டார். நம் கடற்கரையின் அம்மோனைட்டுகளுக்கு ஜப்பான் முதல் வான்கூவர் வரை பசிபிக் கரையெங்கும் உறவினர் இருந்தனர். புதுச்சேரியின் 'இந்திரா'வை ஹொக்கைடோவிலும் அடையாளம் காண முடிகிறது. ஒரே இனம் இரு கரைகளிலும் இருந்தால், இரு கரைகளின் பாறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று சொல்லலாம்.

அரியலூரில் இக்கதைக்கு ஒரு முடிவும் உண்டு. அம்மோனைட் உள்ள அடுக்குகளுக்கு மேலே நின்னியூர்த் தொகுதி வருகிறது. அதன் சுண்ணாம்புக் கல்லில் நாட்டிலஸ் இருக்கிறது. அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. டைனோசர்களோடு சேர்ந்து மறைந்த ஒரு பெருங்குலத்தின் இல்லாமையை இங்கே அடுக்கின் வரிசையில் படிக்கலாம். வரிசை கலைந்துவிட்டால், இந்த இல்லாமையைச் சொல்ல எந்தத் தனிக் கல்லாலும் முடியாது.

'அரிய அம்மோனைட்' என்று நாம் சொல்லும்போது இரண்டு பொருள்கள் குழம்பிவிடுகின்றன. சேகரிப்பவருக்கு அரியது என்பது பெரியது, முழுமையானது, மெருகேறியது. ஆய்வாளருக்கு, பாதி உடைந்த துண்டு ஒன்று சரியான அடுக்கிலிருந்து குறிப்போடு வந்தால் அது பேரரிது. ஃபோர்ப்ஸ் விவரித்த மூல மாதிரிகள் லண்டனிலும், ஸ்டோலிச்கா விவரித்தவை கொல்கத்தாவிலும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் மதிப்பில் பாதி, கூடவே உள்ள சிறு சீட்டில் இருக்கிறது.

இன்று அரியலூர் மாவட்டம் சிமெண்ட் ஆலைகளின் மாவட்டம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் போன்ற படிவுகளே அவற்றின் மூலப்பொருள். சுரங்கம் இருமுனைக் கத்தி. யாரும் காணாத அடுக்குகளை அதுவே திறந்து காட்டுகிறது. காட்டிய மறுநாள் அதுவே அரைத்துவிடுகிறது. பிழைப்புக்குச் சுரங்கம் வேண்டும்தான். ஆனால் வெட்டு முகத்தை அளந்து வரைந்து, மாதிரி எடுத்த பிறகு வெட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. இன்னொரு பக்கம், பெரம்பலூர் அருகே காரையின் செம்மண் ஓடைகளில் மழை கழுவிவிடும் ஓடுகளை வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்துச் செல்கிறார்கள். புவி மரபிடங்களைக் காக்கும் மசோதா ஒன்றின் வரைவை மத்திய அரசு 2022இல் வெளியிட்டது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் ஓடை ஒவ்வொன்றுக்கும் காவல் போட முடியாது.

ஆகவே எடுக்காமல் இருப்பதே முதல் விதி. ஓடு கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் இருப்பிடக் குறியீட்டையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கலாம். மழையிலோ மண்வெட்டும் இயந்திரத்திலோ அழியப்போகிறது என்ற நிலையில் எடுக்க நேர்ந்தால், ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவ வேண்டாம், மெருகேற்ற வேண்டாம். அந்த மண்ணிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளும் காலம் சொல்லும். பாறையில் பதிந்திருந்ததா, ஓடையில் உருண்டு கிடந்ததா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கேயும் கன்லிஃபும் நிலவியலாளர்கள் அல்லர். அலுவல் நேரம் போகக் கல் பொறுக்கியவர்கள். அவர்கள் மூன்று பகுதிகளின் கற்களை ஒன்றாகக் கொட்டி அனுப்பியிருந்தால், அடுத்த ஐம்பது ஆண்டு விவாதத்துக்கே இடமிருந்திருக்காது, திருத்தத்துக்கும் இடமிருந்திருக்காது.

ஏற்கெனவே பல வீடுகளின் அலமாரிகளில், பள்ளிகளின் அறிவியல் அறைகளில் அம்மோனைட்டுகள் இருக்கின்றன. கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கும்போதே, எந்த ஊர், எந்த ஓடை, எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதனுடன் வைத்துவிடலாம். இன்னும் நினைவில் இருப்பவரிடம் மட்டுமே அதைக் கேட்க முடியும்.