எல்லையை மீட்டோம், தெருவை இணைத்தோமா?

திருத்தணி எளிதில் கிடைத்த ஊர் அன்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு தணிகையும் நம் கைவிட்டுப் போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சியில் தமிழர் சிறை புகுந்தனர், உயிரும் ஈந்தனர். படாஸ்கர் பரிந்துரையும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே, 1960 ஏப்ரல் முதல் நாள் தணிகை தாயகத்தோடு இணைந்தது.

நிலம் இணைந்தது, மக்கள் இணைந்தனரா? அதை அளக்கும் கோல் நாட்டு வரைபடம் அன்று, நடக்கும் தெரு!

நம் தெருவின் வரலாறு பெருமைக்குரியதா? ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். தெரு இருந்தும் நடக்க உரிமையில்லை. திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் மனிதன் நடப்பதற்கே 1924இல் போராட வேண்டியிருந்தது. பெரியார் இருமுறை சிறை சென்றார். வழிமறித்தது அன்று சாதி.

இன்று வழிமறிப்பது எது? மனைப்பிரிவு! சென்னையின் புறநகர் மின்வண்டி தணிகை வரை வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 ஆக விரிக்க 2022இல் அரசு ஆணையிட்டது. நகரம் பரவப் பரவ விளைநிலம் மனையாகிறது. மனைப்பிரிவுகள் பல, தமக்கென ஒரு வாயில், தமக்கெனச் சில தெருக்கள் என வகுத்துக்கொண்டு, அடுத்ததோடு சேராமல் முட்டுச்சந்தாய் முடிகின்றன. கூப்பிடு தொலைவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைச் சுற்றிப் போவது முறையா?

அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டியதும் தாளில் மனை நேராயிற்று; தரையில் தெரு இணைந்துவிடுமா?

அமெரிக்கர் மோட்டார் வண்டியை நம்பி முட்டுச்சந்துப் புறநகர்களைக் கட்டினர். அந்தப் போக்கு 1990களின் நடுவில் உச்சம் தொட்டுத் தணிந்ததென 2015இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டுகிறது. அவர்கள் கைவிடத் தொடங்கிய பிழையை நாம் கைக்கொள்வதா? வீட்டை இடித்துக் கட்டலாம். வீடுகள் சூழ்ந்தபின் தெருவைத் திருத்துதல் அரிது.

ஆகவே கேட்கிறோம்: மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருமுன் அடுத்த நிலத்துக்கு வழி உண்டா எனப் பாருங்கள்! சேரித் தெரு ஊர்த் தெருவோடு சேர்கிறதா எனப் பாருங்கள்!

மலையேற 365 படிகள் கண்ட ஊர், பக்கத்துத் தெருவுக்கு ஒரு வழி காணாதா?