ஊவா மலைப்பாதையில் பழைய லொறிகள்: பெரகல சந்தியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாக வரும் ஏ4 வீதி, ஹல்துமுல்லையைத் தாண்டி மலைச்சரிவில் ஏறிப் பெரகல சந்தியை அடைகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஏ4 கொஸ்லந்தை, வெல்லவாய வழியாகத் தாழ்நிலத்துக்கு இறங்கி மட்டக்களப்பு வரை போகிறது. ஏறத்தாழ 430 கிலோமீற்றர் கொண்ட இதுவே நாட்டின் மிக நீளமான பிரதான வீதி. மற்றைய கிளையான ஏ16, ஹப்புத்தளைக்கு மேலேறிப் பண்டாரவளை ஊடாகச் சென்று ஹாலிஎலவில் பதுளை வீதியோடு சேர்கிறது. ஊவாவின் பாரவண்டி வரலாற்றைப் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், இரண்டிலும் வளைவு. சரக்கு லொறி எந்த நிலையில் இருக்கிறது என்பதை இந்தச் சரிவு உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

பழைய லொறிகளை ரசிப்பது மேற்கு நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. ஓய்வுபெற்ற வண்டியை வாங்கி, புதுக்கி, கண்காட்சிக்குக் கொண்டுபோவது அங்குள்ள வழக்கம். ஊவாவில் நடந்தது வேறு. இங்கே லொறி பழையதானது, மாற்று வண்டி கிடைக்காததால். அதன்மேல் பிரியம் உண்டானது அதற்குப் பிறகுதான். இறக்குமதிக் கட்டுப்பாடு, தோட்டப் பொருளாதாரம், மலைப்பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுறை வண்டிகளை அவற்றின் ஆயுளுக்கு அப்பாலும் ஓட வைத்தன என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

தவளமும் கரத்தையும்

மோட்டார் வருவதற்கு முன் ஊவாவின் சுமை, பொதிமாடுகளின் முதுகில் நகர்ந்தது. தவளம் எனப்பட்ட அந்த மாட்டு வரிசைகள் தென்கரையோர உப்பை மேலே கொண்டுவந்து, மலைநாட்டு விளைபொருளைக் கீழே இறக்கின. பதுளையில் உதவி அரச அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஊவாவுக்குள் பாதைகள் வெட்டியவர்களில் ஒருவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற பேர்தான் அவருக்கு அதிகம் ஒட்டிக்கொண்டது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது இந்தப் பாதைகளில் இரட்டை மாட்டுக் கரத்தைகள் ஓடத் தொடங்கின. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே பாதை தேயிலைக்கு உதவியது. தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேத்தன்னயை வாங்கியது 1890இல்.

ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்துசேர்ந்தது. பதுளைக்கு எட்ட மேலும் முப்பது ஆண்டுகள், 1924 வரை, பிடித்தன. இந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோக ரயில் இருந்தது. ஆனால் தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே கிடந்த ஐந்து, பத்து, இருபது மைல்களுக்குக் கரத்தையை விட்டால் வேறு கதியில்லை. லொறி முதலில் கைப்பற்றியது அந்தச் சிறு தூரத்தைத்தான். ரயிலோடு நேரடிப் போட்டி பிறகு வந்தது. நானுஓயாவிலிருந்து இராகலைக்குப் போட்ட சிறுபாதை ரயில் 1940களில் கைவிடப்பட்டதற்கு வீதிப் போக்குவரத்தின் போட்டி ஒரு முக்கிய காரணம்.

பெட்போர்ட் காலம்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே தோட்டங்களுக்கு வந்த லொறிகள் பெரும்பாலும் பிரித்தானிய, அமெரிக்கத் தயாரிப்புகள். அவற்றுள் மலைநாட்டில் ஆழமாக வேரூன்றிய பேர் பெட்போர்ட். ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான வொக்ஸோல் நிறுவனம் 1931இல் இந்தப் பேரில் லொறி செய்யத் தொடங்கியது. 1939இல் வந்த ஓ வகையில் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் மூக்கு நீண்ட டீ.ஜே. வகையும், 1960இல் மூக்கில்லாத டீ.கே. வகையும் வெளிவந்தன.

டீ.கே.யை அடையாளம் காண்பது எளிது. எஞ்சின் ட்ரைவரின் இருக்கைக்குப் பின்னே உட்கார்ந்திருக்கும். கதவுக்குப் பின்னால் இருபக்கமும் உள்ள மடிப்பைத் திறந்துதான் அதைத் தொட முடியும். மழையில் நின்றுகொண்டு டீசல் பம்பைக் கழற்ற வேண்டிய மெக்கானிக்குக்கு இந்த அமைப்பு வசதியா, தொல்லையா என்பது தனி விவாதம். மலைக்கு அது செய்த நன்மை தெளிவானது: வண்டியின் நீளம் குறைந்தது, முன்சக்கரத்துக்கு எதிரே வீதி கிட்டத்தில் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் இந்த இரண்டும் பெரிய லாபம்.

இந்திய வண்டிகளின் வருகை 1961இல் தொடங்குகிறது. டாட்டா நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் லொறி இலங்கைக்கே வந்தது. ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தோடு 1954இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி செய்யப்பட்ட வண்டிகள் அவை. 1969இல் அந்த உறவு முடிந்தபோதும் வடிவம் வெகுகாலம் மாறவில்லை. அசோக் லேலண்டும் பின்னால் வந்தது. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் நிறுவப்பட்டது.

கொழுந்து லொறியும் அதன் வேலையும்

தோட்ட லொறியின் உடலமைப்பைத் தீர்மானித்தது தேயிலைக் கொழுந்து. பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு, ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, தாமதமின்றிப் போக வேண்டும். நெருக்கி அடைத்தால் கொழுந்து சூடேறிச் சிவக்கும். சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் ஏற்ற வேண்டிய பொதியும் அதிகம். எடையைவிட இடமே இங்கே பிரச்சினை. அதனால் கொழுந்து லொறிக்கு உயரமான, காற்றுப் புகும் மரச்சட்டங்கள் கொண்ட உடல் கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது சட்டமும் எஞ்சினும் முன்கூடும் மட்டுமே. பின்னால் இருந்த பலகை வேலை இந்த மண்ணின் தச்சர்களுடையது. ஆகவே ஒரு பழைய லொறியைப் பார்ப்பவர் இரண்டு கைவேலைகளைப் பார்க்கிறார்.

அதே லொறி உரம் ஏற்றியது, அரிசி ஏற்றியது, உலர்த்தும் அடுப்புக்கு விறகு ஏற்றியது, தேயிலைப் பெட்டிகளை நிலையத்துக்கு இறக்கியது. இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பல தோட்டங்களில் அதுதான். 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவானபின், பெட்டி படுக்கையோடு குடும்பங்களைத் தலைமன்னார் போகும் ரயிலுக்கு ஏற்றிவிட்டதும் தோட்ட லொறிகளே. தேயிலை வரலாறு எழுதுவோர் இந்தக் கடைசிப் பயணத்தை லொறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

தட்டுப்பாடு வளர்த்த ஆயுள்

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி இறுகியது. 1968இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்து, அத்தியாவசியமல்லாத இறக்குமதிகளின் விலையை ஏற்றியது. 1970 முதல் 1977 வரையிலான மூடிய பொருளாதாரத்தில் புது லொறி ஒன்று தோட்டத்துக்கு வருவது அபூர்வம். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் சேர்ந்து, வண்டிகளின் உடைமையை அரச கூட்டுத்தாபனங்களிடம் ஒப்படைத்தன. வண்டிகள் மாறவில்லை, துரைமாரின் மேலதிகாரிகள்தான் மாறினார்கள்.

இதே காலத்தில் லொறிக்கான தேவை குறையவில்லை, கூடியது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து வயல்களில் கிழங்கு பெருகியது. அதை இரவோடிரவாகக் கொழும்புக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். புதியது இல்லாத இடத்தில் பழையதைத் தட்டி நிமிர்த்தினார்கள். தேய்ந்த கியர்ப் பற்களுக்கு உலோகம் ஒட்டி அராவுவதும், கிடைக்காத உதிரிப்பாகத்தைப் பட்டறையில் கடைந்து எடுப்பதும் கராஜ்களின் அன்றாட வேலையாயின. 1977க்குப் பின் கதவு திறந்து ஜப்பானிய இசுசு, மிட்சுபிஷி லொறிகள் குவிந்தபோது பல பெட்போர்ட்கள் ஒதுங்கின. எல்லாம் ஒதுங்கவில்லை. சிலவற்றுக்குள் ஜப்பானிய எஞ்சின் ஏறியது. இங்கிலாந்தில் 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் பெட்போர்ட் பார லொறித் தயாரிப்பை நிறுத்தியபின்னும் மலைநாட்டில் அவை ஓடிக்கொண்டிருந்தன.

ஏற்றமும் இறக்கமும்

பழைய லொறியை ஓட்டுவது ஒரு தனிக் கலை. பழைய கியர்ப் பெட்டியில் பற்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு இல்லை, அல்லது கீழ்க் கியர்களில் இல்லை. கியரைக் குறைக்க ட்ரைவர் கிளட்சை மிதித்து நடுநிலைக்கு எடுப்பார். கிளட்சை விட்டு எக்ஸலேட்டரை ஒரு முறை அழுத்தி எஞ்சினைச் சுழலவிடுவார். மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியருக்குள் தள்ளுவார். வேகம் பொருந்தினால் கியர் சத்தமின்றி விழும். பொருந்தாவிட்டால் பற்கள் அலறும். அந்த அலறல் ஊருக்கே கேட்கும். ஏற்றத்தில் இதைச் செய்யும் ஓரிரு நொடிகளில் வண்டி வேகம் இழந்துவிடும் என்பதால், வளைவு வருமுன்பே கியரைக் குறைத்துவிடுவது நல்ல ட்ரைவரின் அடையாளம். சில பெட்போர்ட்களில் இரட்டை வேகப் பின்அச்சும் இருந்தது. கியர்த் தண்டில் உள்ள குமிழை அசைத்தால் ஒவ்வொரு கியரும் இரண்டாகும்.

இறக்கத்தில் ஆபத்து கூடுதல். பெரகலயிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் சுமையோடு இறங்கும் வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். அந்தக் கால லொறிகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவியது வெற்றிட விசை. டீசல் எஞ்சின் தானாக வெற்றிடம் உண்டாக்காது, அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்கே போதும். எனவே எந்தக் கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்குவது எழுதாத சட்டம். வண்டி நின்றதும் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கத் தயாராக இருப்பது கிளீனரின் வேலை. இந்தச் சரிவில் மண்ணையும் நம்ப முடியாது: 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது.

நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 முதல் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் புகழ் சேர்த்து வருகிறது. பத்துத் தொன் சுமையோடு தினமும் மலையேறியவர்களுக்கு அப்படி ஒரு கிண்ணம் கிடைத்ததில்லை.

வண்டியை வாசித்தல்

ஒரு லொறியின் வயதை அறிய இலக்கத் தகடு முதல் ஆதாரம். ஆங்கில எழுத்துத் தகடு, 1958க்கு முன் பதிவான வண்டிக்கு உரியது. 1958இல் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் அதற்கு எதிராகத் தார் பூசும் போராட்டம் நடந்தது. இன்று ஆர்வலர் ஆசையோடு தேடும் ஸ்ரீ இலக்கம் அந்தக் கசப்பையும் சுமக்கிறது. பின்னர் எழுத்தில்லாமல் நடுவில் கோடிட்ட இலக்கங்களும், 2000 முதல் மாகாணக் குறியோடு ஆங்கில எழுத்துகளும் வந்தன. ஊவாவின் குறி யூ.பி. என்று இருந்தது.

தகடு சொல்வது முதற்பதிவை மட்டும். எஞ்சின் மாறியிருக்கலாம், உடல் பலமுறை புதிதாகக் கட்டப்பட்டிருக்கலாம். அதனால் பக்கப் பலகையில் எழுதிய உரிமையாளர் பேர், வெற்று எடை, மொத்த எடை, டயர் அளவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பழைய வண்ணத்துக்கு அடியில் மங்கித் தெரியும் தோட்டத்துப் பேர் சில வேளை முழு வரலாற்றையும் சொல்லிவிடும். அழகாகப் புதுப்பித்துப் பளபளக்கும் வண்டியைவிட, நாலு அடுக்கு வண்ணத்தோடு நிற்கும் வண்டியே ஆய்வாளனுக்குப் பயன்படும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்தில்தான் பொதுவாகத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறிகளின் விலை ஏறியது. இரும்புக்கடைக்குப் போக இருந்த சில, வீதிக்குத் திரும்பின. ரயிலுக்குக் கடுகண்ணாவையிலும் தேயிலைக்கு ஹந்தானையிலும் அருங்காட்சியகங்கள் உண்டு. இரண்டையும் இணைத்த லொறிக்கு உரிய இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. வண்டிகளைக் காப்பது செலவான காரியம் என்றால், தோட்ட அலுவலகங்களில் கிடக்கும் வாகனப் பதிவுப் புத்தகங்களையும் அன்றாட ஓட்டக் கணக்கான ரன்னிங் சார்ட்களையுமாவது பழைய கடதாசி வியாபாரியிடம் போகுமுன் திரட்டிவைக்க வேண்டும். இந்த வரலாற்றைத் தேதியோடு எழுதத் தேவையான ஆவணங்கள் அவையே.