இரவுச் சாலையும் முகப்பு விளக்கும்

1920-ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை விலைக்கு வாங்கி, அதைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் பெரும் பேருந்து நிறுவனத்தை நடத்தியவரும், பல புதுக் கருவிகளைச் செய்து காட்டியவருமான அவருடைய வாழ்க்கையின் முதற்படி அந்தத் தடம்தான். இடையே உடுமலைப்பேட்டை, மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இன்று அது 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி.

அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு இப்படிப்பட்ட சாலையில் மோட்டார் ஓட்டியவருக்கு எதிரே எவ்வளவு தூரம் தெரிந்திருக்கும்? இன்று நமக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது? வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வி அல்ல இது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முன்னதாகப் பழனிக்குச் செல்லும் எல்லாச் சாலைகளிலும் காவடியுடனும் மூட்டையுடனும் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். வெயிலுக்கு அஞ்சி அவர்களில் பலர் இரவிலும் விடியற்காலையிலும் நடப்பார்கள். அவர்களுக்கு மிக அருகில், சாலையின் அதே ஓரமாக, கார்களும் லாரிகளும் விரைகின்றன. ஓட்டுநரின் கண்ணுக்கும் நடப்பவரின் உயிருக்கும் நடுவே இருப்பது முகப்பு விளக்கு ஒன்றே.

முதல் மோட்டார் வண்டிகள் குதிரை வண்டிகளிடமிருந்து எண்ணெய் விளக்கைக் கடன் வாங்கின. அது வழியைக் காட்டியதைவிட, வண்டி வருகிறது என்று பிறருக்குக் காட்டியதே அதிகம். நம் மாட்டு வண்டிகளின் அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கின் வேலையும் அதுதான். மாடுகளுக்கு வழி தெரியும். வண்டிக்காரர் தூங்கினாலும் வீடு போய்ச் சேரும். மோட்டாருக்கு அந்த அறிவு இல்லையாதலால் வெளிச்சம் தேவைப்பட்டது.

அடுத்து வந்தது கார்பைடு விளக்கு. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அதே கால்சியம் கார்பைடு கல்தான். அதன்மீது நீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு வெளிப்படும். சுண்ணாம்புக் குழம்பு மிஞ்சும். அசெட்டிலீன் வெண்மையான, மிகப் பிரகாசமான சுடருடன் எரியும். காற்றுக்கும் மழைக்கும் எளிதில் அணையாது. சுடருக்குப் பின்னால் வளைந்த ஆடியை வைத்தபோதுதான் ‘முகப்பு விளக்கு’ என்ற பெயருக்கேற்ற பொருள் பிறந்தது எனலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் கல் போட வேண்டும், நீர் ஊற்ற வேண்டும், இறங்கித் தீக்குச்சி கிழிக்க வேண்டும், மறுநாள் சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவ வேண்டும்.

மின்விளக்கு பொருத்திய கார் 1898-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. இருந்தும் அது உடனே பரவவில்லை. அக்காலத்து மெல்லிய இழைகள் சாலையின் குலுக்கலில் அறுந்து போயின. டங்ஸ்டன் இழையும் வண்டியிலேயே மின்சாரம் உண்டாக்கும் டைனமோவும் வந்த பிறகே மின்விளக்கு வென்றது. 1912-இல் காடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒரே ஏற்பாடாக இணைத்துக் கொடுத்தது. உலகெங்கும் ஓடிய ஃபோர்டு ‘டி’ மாடல் காரில் 1915 முதல் மின்விளக்கு இருந்தது. ஆனால் அதற்கு மின்சாரம் என்ஜினோடு சேர்ந்த காந்தச் சுருளிலிருந்து நேரே வந்ததால், வேகமாகப் போனால் விளக்கு பளிச்சென்று எரியும். பள்ளம் கண்டு மெதுவாகப் போனால் மங்கிவிடும். வெளிச்சம் மிகவும் தேவைப்படும் இடத்தில் இருட்டு! நாயுடு பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்தில் மோட்டார் விளக்கின் நிலை இதுதான்.

இதுவரை எல்லாரும் கேட்டது ஒன்றே: இன்னும் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் கிடைத்தவுடன் புதிய தொல்லை வந்தது. எதிரே வருபவருக்குக் கண் கூசியது.

கண் கூசுவது வெறும் எரிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். இருட்டில் நம் விழித்திரை மிகச் சிறிய ஒளியையும் உணரும் அளவுக்குப் பதப்பட்டிருக்கும். முழுமையாகப் பதப்பட அரைமணி நேரம்கூட ஆகும். அதன்மேல் ஒரு பேரொளி பாய்ந்தால் அந்தப் பக்குவம் நொடியில் கெடுகிறது. திரும்பச் சில விநாடிகள் வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். மூன்று விநாடி பார்வை தடுமாறினால், அறுபத்தைந்து மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாகப் பொருள். முதியவர்களின் கண்வில்லை சற்றுக் கலங்கியிருப்பதால் ஒளி உள்ளே சிதறி, அவர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகமாக இருக்கும்.

ஆகவே விளக்கைத் தாழ்த்தும் முயற்சிகள் தொடங்கின. 1917-இல் காடிலாக் காரில் இருக்கையை விட்டு இறங்காமலே நெம்புகோலால் விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்க முடிந்தது. 1930-களின் பிரிட்டிஷ் கார்களில் சுவிட்சைத் தட்டியதும் வலப்பக்க விளக்கு அணைந்துவிடும். இடப்பக்க விளக்கின் ஆடி ஓரமாகத் தாழும். பார்ப்பதற்கு ஒற்றைக் கண்ணன் போல இருந்திருக்கும்! எதிரே வருவது காரா, மோட்டார் சைக்கிளா என்று புரிந்துகொள்வதும் பெரும்பாடுதான்.

இவற்றையெல்லாம்விட அழகான வழி 1924-இல் ஜெர்மனியில் ஒரு பல்பு வடிவில் வந்தது. ஆஸ்ராம் நிறுவனத்தின் ‘பைலக்ஸ்’ பல்பில் இரண்டு இழைகள் இருந்தன. நம் ஓட்டுநர்கள் ‘டிம்’, ‘பிரைட்’ என்கிறார்களே, அந்த இரண்டும்தான். இதன் சூட்சுமத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இன்றுவரை செய்யப்படும் ஒரு தவறும் இதிலிருந்துதான் விளங்கும்.

முகப்பு விளக்கின் உள்ளே இருப்பது பரவளைய ஆடி. அதன் குவியத்தில் இழையை வைத்தால், ஆடியில் பட்ட ஒளி இணைகற்றையாக நேரே நெடுந்தூரம் செல்லும். அது பிரைட். இழையைக் குவியத்துக்குச் சற்று முன்னால், அதாவது கண்ணாடிப் பக்கமாக நகர்த்தி வைத்தால் என்ன ஆகும்? ஆடியின் மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பும். கீழ்ப்பாதியில் பட்ட ஒளி மேல்நோக்கிப் போய் எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஆகவே டிம் இழைக்கு அடியில் சிறு தகட்டுக் கிண்ணம் ஒன்றை வைத்தார்கள். அது கீழ்ப்பாதிக்குச் செல்லும் ஒளியை மறைத்துவிடும். மிஞ்சுவது கீழ்நோக்கிய ஒளி மட்டுமே. 1971-இல் வந்த ‘எச் 4’ ஹாலஜன் பல்பிலும் இதே கிண்ணம் இருக்கிறது. பழைய பல்பு ஒன்று கிடைத்தால் உற்றுப் பாருங்கள், தெளிவாகத் தெரியும்.

இப்போது தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கத்திலிருந்த ‘கறுப்பு ஸ்டிக்கர்’ கதைக்கு வருவோம். கண்கூச்சத்தைத் தடுக்க, வாகனங்களை நிறுத்தி முகப்பு விளக்கின் மேற்பாதியில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். சிலர் கறுப்பு வண்ணம் பூசினார்கள். மேலே மறைத்தால் மேலே போகும் ஒளி நின்றுவிடும் என்பது எண்ணம். நல்ல நோக்கம்தான். ஆனால் டிம்மின் ஒளி முழுவதும் ஆடியின் மேற்பாதியிலிருந்தே வருகிறது என்று பார்த்தோம் அல்லவா? எனவே அந்தத் தாள் மறைத்தது பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாத டிம் ஒளியைத்தான். கூசச் செய்யும் பிரைட்டில் பாதி அப்படியே வெளியே வந்தது. டிம்மில் ஒன்றும் தெரியாத ஓட்டுநர் என்ன செய்வார்? பிரைட்டைப் போடுவார்.

சரி, டிம் ஒளி எவ்வளவு தூரம் போகும்? எளிய கணக்குத்தான். டிம் கற்றையை வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் அமைப்பார்கள். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், கற்றையின் மேல்விளிம்பு 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். அதற்கு அப்பால் இருட்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டால் 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர்! வெளிச்சத்தின் எல்லையை வண்டி தாண்டிவிடுகிறது. 100 கிலோமீட்டர் வேகமானால் ஏறக்குறைய 97 மீட்டர் வேண்டும். சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஐரோப்பியர் 1957-இல் இதற்கு ஓரளவு பரிகாரம் கண்டார்கள். எதிரே வருபவர் இருக்கும் பக்கம் கற்றை தாழ்ந்தே இருக்கட்டும். சாலையோரப் பக்கம் மட்டும் 15 பாகை மேல்நோக்கி உயரட்டும் என்றார்கள். அந்தக் கிண்ணத்தின் ஒரு விளிம்பைச் சற்றுத் தாழ்த்தியதுதான் அவர்கள் செய்த மாற்றம். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் இந்த உயர்வு இடப்பக்கம் அமையும். பழனிச் சாலையில் இடது ஓரமாக நடந்து செல்பவரை முன்கூட்டியே காட்டுவது இந்தப் பதினைந்து பாகைதான். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த விளக்கை இங்கே மாட்டினால், ஓரத்தில் நடப்பவர் இருட்டில் இருப்பார். எதிரே வருபவர் கண்ணில் ஒளி பாயும்.

ஒளிமூலங்கள் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண பல்பில் ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்து கறுக்கும். ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் ஆவி அந்த டங்ஸ்டனைப் பிடித்து மீண்டும் இழைக்கே கொண்டு சேர்ப்பதால், இழையை அதிகச் சூட்டில் எரிக்கலாம். ஐரோப்பியக் கார்களில் இது 1962-இல் வந்தது. 1991-இல் செனான் விளக்கு வந்தது. 55 வாட் ஹாலஜன் டிம் சுமார் 1,000 லூமன் ஒளி தரும்போது, 35 வாட் செனான் சுமார் 3,200 லூமன் தந்தது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. முகப்பு விளக்குகள் அதன் பிள்ளைகள். 2013-இல் ஆடி காரில் வந்த ‘மேட்ரிக்ஸ்’ விளக்கு, எதிரே வரும் வண்டியைக் கேமராவால் கண்டு அந்த இடத்துக்கு மட்டும் ஒளியை அணைத்துவிடுகிறது.

கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பைப் பழைய ஹாலஜன் விளக்கில் மாட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளையாகவும் பளிச்சென்றும் எரியும், வாங்கியவர் மகிழ்வார். ஆனால் அந்த ஆடி, சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழைக்காக, அது இருக்கும் மிகச் சரியான இடத்துக்காகக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி. சில்லுகளின் அமைப்பு வேறு. இடம் சற்றுப் பிசகினாலும் கற்றையின் விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்த வெளிச்சத்துக்கே கண் பழகி, தொலைவில் இருப்பது முன்னைவிட மங்கலாகத் தெரியும். என்னைக் கேட்டால், இதற்குச் செலவிடும் பணத்தில் பழைய விளக்கைச் சரிசெய்வது மேல்.

சரிசெய்வது என்றால்? முதலில் மின்னழுத்தம். துருப்பிடித்த இணைப்புகளால் பல்புக்குப் பத்து விழுக்காடு மின்னழுத்தம் குறைந்தால், ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும். அடுத்து, மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் முகப்பு. மூன்றாவது சாய்வு. இதை நீங்களே சோதிக்கலாம். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் அது ஏறிச் செல்வதையும் காண்பீர்கள். பிறகு பின்னிருக்கையில் மூவரை உட்கார வைத்து, டிக்கியில் மூட்டைகளை ஏற்றிப் பாருங்கள். வண்டியின் மூக்கு நிமிர்ந்து விளிம்பு உயர்ந்துவிடும். பல கார்களில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு திருகு இருப்பது இதற்காகத்தான். குடும்பத்தோடு பழனிக்குப் புறப்படுகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்புகிறார்கள்?

நம் சட்டமும் இதையே எண்ணுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், வண்டியின் வலப்பக்கமாக அரை மீட்டர் தள்ளி இருக்கும் ஒருவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்த்தப்பட வேண்டும் என்று அளவோடு எழுதப்பட்டுள்ளது.

இனி, விளக்கைப் பெறுபவரின் பக்கம். வெளுத்த வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். முருக பக்தர்கள் விரும்பி உடுத்தும் கரும்பச்சை பத்தில் ஒரு பங்கு அனுப்பினாலே அதிகம். அதுவும் எல்லாத் திசைகளிலும் சிதறிப் போகும். ஆனால் ஒளிரும் பட்டை எனப்படும் ஸ்டிக்கரில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, முக்கோண மூலைகளோ உள்ளன. அவை ஒளியை வந்த வழியே, விளக்கை நோக்கியே திருப்பும். விளக்குக்குச் சற்று மேலேதானே ஓட்டுநரின் கண் இருக்கிறது! டிம் கற்றையின் எல்லைக்கு அப்பால் சிதறும் சொற்ப ஒளியிலும் அந்தப் பட்டை மின்னும். தைப்பூசக் காலங்களில் பழனிச் சாலைகளில் காவல் துறையினர் பக்தர்களின் பைகளிலும் முதுகிலும் இந்தப் பட்டையை ஒட்டி அனுப்புவதை நீங்கள் பார்த்திருக்கலாம். முதுகில் ஒட்டியது பின்னால் வரும் வண்டிக்குத்தான் தெரியும். எதிரே வரும் வண்டிக்கும் தெரிய வேண்டுமானால் மார்பிலோ காவடியின் முன்புறத்திலோ இன்னொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும்.