பட்டமும் தொண்டும்

பொதுநலம் புரிந்தார்க்கு அரசர் சிறப்புச் செய்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஏனாதி, எட்டி, காவிதி என்னும் பட்டங்களைப் பண்டைத் தமிழ் வேந்தர் அளித்தமை கற்றோர் அறிந்ததே. ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வழக்கம் வேறு வடிவில் நிலவிற்று. அவர் அளித்தவற்றுள் ஒன்றாகிய ‘இந்திய சாம்ராஜ்ய விருதின்’ வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விக்டோரியா மகாராணியார் 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பெற்றார். அதன் நினைவாக 1878-இல் இவ்விருது தோன்றிற்று. 1861-இல் ஏற்பட்ட ‘இந்திய நட்சத்திர விருது’ இதனினும் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. முதற்கண் சி.ஐ.ஈ. என்னும் ஒரே வகுப்புத்தான் இருந்தது. பின்னர் 1886, 1887-ஆம் ஆண்டுகளில் கே.சி.ஐ.ஈ., ஜி.சி.ஐ.ஈ. என்னும் மேல்வகுப்புகள் சேர்ந்தன. இம்மேல்வகுப்பினரே ‘சர்’ எனப்பட்டனர். ‘சக்கரவர்த்தினியின் ஆதரவில்’ என்னும் பொருள்படும் லத்தீன் தொடரே இதன் வாசகமாகும்.

அவ்வாசகத்தை அன்பர்கள் உற்று நோக்குக. தொண்டு செய்தவர் குடிகளுக்குச் செய்தார். அதன் தகுதியை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோலோ ஆள்வோர் கையில் இருந்தது. இம்முரண் வெளிப்பட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு.

மதுரையிற் பிறந்த மணி ஐயர் என்னும் எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஸ்தானத்தைத் தற்காலிகமாக வகித்த முதல் இந்தியர். 1900-இல் கே.சி.ஐ.ஈ. பெற்றவர். அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டிருந்த 1917 ஜூன் மாதத்தில், இந்தியர் சுயாட்சி பெறத் துணைபுரியுமாறு அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் விடுத்தார். 1918-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அக்கடிதம் கண்டிக்கப்பட்டது. முதியவராகிய அவர் அஞ்சினாரல்லர்; ‘சர்’ பட்டத்தையும் ‘திவான் பகதூர்’ பட்டத்தையும் தாமே துறந்தார். பட்டம் நீங்கியதால் அவர் பெருமை குன்றியதோ? வளர்ந்ததன்றோ!

1947-இல் ஆங்கில ஆட்சி நீங்கவே இவ்விருது வழங்குதலும் நின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18-ஆவது விதி, இராணுவ, கல்விச் சிறப்புகள் ஒழிந்த ஏனைய பட்டங்களை அரசாங்கம் அளித்தலாகாது என விலக்கிற்று. இவ்விருது பெற்றவருள் எஞ்சியிருந்த திராங்கத்ரா மகாராஜா 2010-இல் காலமானதோடு அவ்வரிசையும் முடிவுற்றது.

ஆதலின், நம் முன்னோரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் பெயர்முன் நின்ற எழுத்துகளை எண்ணுவதோடு அமையாது, அவர் வெட்டிய குளத்தையும் நிறுவிய பள்ளியையும் முதலில் எழுதுவாராக. பட்டம் அளித்த அரசு மறைந்தது. பயன்பெற்ற ஊர் இன்னும் இருக்கின்றது.