பேரியாறும் ஒரு பெயரேடும்

அகநானூறு பாடிய முசிறித் துறையையும், மிளகுக்காக அங்கே வந்த யவனர் கலங்களையும் பெருமையோடு சொல்லாத தமிழ் மேடை இல்லை. முசிறியை வளர்த்த பேரியாறே பின்னாளில் அப்பகுதித் துறைமுகத்தைத் தூர்த்தது என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. கி.பி. 1341-இல் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மணலால் அடைத்துக் கொச்சிக் கழிமுகத்தை அகலத் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். நமக்குச் சோறிடும் இத்துறைமுகமே ஒரு பேரழிவின் பிள்ளை எனலாம்.

எதிர்க்கரையிலுள்ள வைப்பீன் தீவினர் அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்ற ஆண்டுக்கணக்கையே வழங்கி வந்தனர். மன்னர் முடிசூடிய நாளிலிருந்து ஆண்டு எண்ணுவது உலக வழக்கு. வெள்ளம் வந்ததிலிருந்து எண்ணியது எனக்கு இன்றும் வியப்பே. 1924 சூலையில் வந்த பெருவெள்ளத்தையும் இங்குள்ளோர் கொல்லம் 1099-ஐக் கொண்டு 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே அழைப்பர். மூணாற்றில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப் பாதையை மீண்டும் எழாதபடி அழித்தது அவ்வெள்ளமே. அங்கே தேயிலை கிள்ளிய நம்மவர் குடும்பங்களில் அக்கதை வழிவழியாக வந்தது. ஆனால் அதைக் கதையாகக் கேட்டோம், கணக்காகக் கேட்கவில்லை. எத்தெருவில் நீர் எவ்வளவு நின்றது, எவர் எங்கே ஏறிப் பிழைத்தார் என்று எவரும் கேட்டு எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

2018 ஆகஸ்டு 9 அன்று, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. மழையும் ஓயவில்லை. ஒரு வாரத்திற்குள் ஆலுவா மூழ்கியது. நெடும்பாசேரி வானூர்தி நிலையம் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. அப்போது கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தனர். அரசுக் கணக்கின்படி 4,537 மீனவர், 669 படகுகள். அவர்கள் கரை சேர்த்த உயிர்கள் 65,000-க்கும் மேல். கோப்புகளோடு காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தனுக்கு இது சிறிது நாணந்தரும் செய்தியே.

மட்டாஞ்சேரி ஆற்றங்கரை ஊர்களைப் போல் மூழ்கவில்லை. நம் சங்கத்தினர் அரிசியும் துணியும் திரட்டினோம். கடமை முடிந்ததென்று எண்ணினோம். நீர் வடிந்தபின் வந்தது எலிக்காய்ச்சல். சேற்றில் கால் வைத்து வேலை செய்வோர்க்கு வாரம் ஒருமுறை உண்ண டாக்சிசைக்ளின் மாத்திரைகளை அரசு வழங்கியது. ஆலுவாப் பக்கம் வீடுகளைக் கழுவப் போன நம் ஊர்க்காரர் ஒருவர்க்கும் அது கிடைத்தது. உடன் தந்த துண்டுத்தாள் மலையாளத்தில் இருந்தது. அவர்க்கோ தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். காய்ச்சல் வந்தால் போட்டுக்கொள்வது என எண்ணி மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பல நாள் மருத்துவமனையில் கிடந்து, நல்லூழால் மீண்டார். அவர் எங்கே தங்கியிருந்தார் என்பதுகூட அதுவரை சங்கத்தில் ஒருவர்க்கும் தெரியாது. பொங்கல் நன்கொடைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆகவே எங்கள் ஏட்டிலும் இல்லை.

அன்றிரவு அத்தாளைத் தமிழில் எழுதிப் படியெடுத்தோம். எழுத்தறியாதவர்க்கு நேரில் படித்துக் காட்டினோம். பின்னர் வேலிப் பக்கத்துச் சலவைத்துறை வண்ணார் குடியிருப்பு முதல் ஆற்றங்கரை வாடகை அறைகள் வரை சென்று, ஆள், முகவரி, தொலைபேசி எண், முதியோர், கர்ப்பிணிகள், நாள்தோறும் மருந்து உண்போர் என ஒரு பெயரேடு எழுதினோம். 2019 ஆகஸ்டில் மீண்டும் ஆறு பெருகியது. ஏட்டைப் பிரித்து ஆளனுப்பினால், போன இடங்களில் பலவற்றில் வேறு எவரோ குடியிருந்தனர்!

அதன்பின் ஒவ்வோராண்டும் வைகாசியில், இடவப்பாதி மழைக்கு முன், அவ்வேட்டைப் புதிதாக எழுதி வருகிறோம். இம்மலரைக் கையில் வாங்கும் அன்பர்கள் வீடு மாறியிருப்பின், புதிய முகவரியைச் செயலரிடம் இன்றே சொல்லிவிட்டுச் செல்ல வேண்டுகிறேன்.