வேலையோடு வந்த வீடு



லயத்து வீடு நமக்குப் புதிதன்று. ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அறைகள், விடியுமுன் பெரட்டு. இந்த வீட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். நிறைய இருக்கிறது. உழைப்பாளிக் குடும்பத்தையும் அதன் இருப்பிடத்தையும் அறிவதையே தம் கல்விப் பணியாகக் கொண்ட அறிஞர்கள் உண்டு. அவர்களுள் மூவரை இன்று நாம் காண்போம்.

முதலாமவர், உங்கு அஜிஸ். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராயிருந்து, 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக விளங்கியவர். வறுமையை அளக்க அவர் சொன்ன வழி எளிமையானது. ஒரு வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை கைலிகள் என்று எண்ணிப் பாருங்கள் என்றார். ஏட்டில் உள்ள வருமானத்தைவிடக் கொடியில் காயும் துணி உண்மை பேசும் அல்லவா?

அவரே தோட்டத் துண்டாடலையும் ஆராய்ந்தார். விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சிறு துண்டு வாங்கியவருக்குப் பால்வெட்ட அத்தனை ஆள் தேவையில்லை. வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை அவருடைய 1962ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்தது.

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம் பேராக்கைச் சேர்ந்தவர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டினர். விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. கூலிக்காரராய் நின்றவர் பங்குதாரர் ஆனார்.

இரண்டாமவர், இந்தியாவிலிருந்து வந்த மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின். 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி, உறவுமுறை, திருமணம், சாதி, தலைமை ஆகியவற்றை நேரில் கண்டு எழுதினார். நூல் 1970இல் வெளிவந்தது. தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து, ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டினார். மனந்திறந்து பேசியவர்களுக்குத் துன்பம் வரலாகாது என்பதே இவ்வகை மறைப்பின் நோக்கம்.

மூன்றாமவர், பிரான்சிஸ் லோ. இவர் எடுத்துக்கொண்டது ஈப்போ நகரைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு. ஈயச் சுரங்கத்தில் வேலையிழந்த சீனத் தொழிலாளர் பட்டா இல்லாத நிலத்தில் காய்கறி பயிரிட்டதையும், அவசரகாலத்தில் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டதையும் அவருடைய 1988ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது. பக்கத்து லம்பத்துச் சீனக் குடும்பத்துக்கும் நம் குடும்பத்துக்கும் மொழி வேறு. காலடி மண் சொந்தமில்லை என்ற கவலை ஒன்றே.

இம்மூவர் பணியையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. வீட்டின் தரம் வேறு. வீட்டின் உரிமை வேறு. 1966இலும் 1990இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தன. அது நன்மையே. ஆனால் தரமான வீடும் முதலாளியின் வீடுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோதும், தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் கையில் வீட்டுப் பத்திரம் இல்லாமல் நின்றதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பிறப்புச் சான்று, லயத்து வீட்டு எண் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துவோம். தாத்தா எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆண்டு வந்தார் என்று பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அறிஞர்களின் நூல்கள் நம் முன்னோர் சொன்ன பதில்களால் எழுந்தவை. அடுத்து எழுத வருபவர் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அவருக்கு வேண்டிய சான்று இன்று நம் கையில்தான் இருக்கிறது.